அகதியும் புகலிடமும்: இரு சொற்கள், இரு தகுதிகள்

2024 பிப்ரவரி முதல் நாள் இரவு, பேராக் மாநிலம் பீடோரிலுள்ள தற்காலிகக் குடிநுழைவுத் தடுப்பு முகாமிலிருந்து 131 பேர் தப்பிச் சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் ரோஹிங்யா இனத்தவர். ஒருவர் நெடுஞ்சாலையில் வாகனம் மோதி இறந்தார். இத்தகையோரை நாம் அகதி என்கிறோம். தஞ்சம் கோருவோர் என்கிறோம். சினம் மிகும்போது கள்ளக்குடியேறி என்றும் சொல்லிவிடுகிறோம். பேச்சில் இவை ஒன்றுக்கொன்று மாற்றுச் சொற்கள் போலப் புழங்குகின்றன. சட்டத்திலோ ஒவ்வொன்றும் ஒரு மனிதனை வெவ்வேறு வாயிலுக்கு இட்டுச் செல்கிறது.

சொல்லிலிருந்தே தொடங்குவோம். அகதி என்பது வடமொழி வழி வந்த சொல். கதி என்றால் போக்கு, போக்கற்றவர் அகதி. அச்சொல் ஆளைச் சுட்டுகிறது, அவர் நிலையைச் சுட்டுகிறது. அவருக்கு எவர் என்ன கொடுத்தார் என்று சொல்வதில்லை. புகலிடம் அவ்வாறன்று. புகு என்னும் வினையடியாகப் பிறந்த அது, நுழைய ஒரு வாயிலும் அதனைத் திறக்க ஒருவரும் உண்டு என்பதை உள்ளடக்கியது. அடைக்கலமும் அப்படியே. சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்புவிக்கிறார். ஏற்பவர் இல்லையேல் அடைக்கலம் என்ற சொல்லுக்கே அங்கு வேலையில்லை. மலாய் மொழியிலும் இவ்வேறுபாடு தெளிவு. 'லாரி' என்றால் ஓடு. ஓடி வந்தவர் 'பெலாரியான்'. புகலிடத்துக்கோ 'சுவாகா' என்ற தனிச்சொல் உண்டு. ஐரோப்பிய மொழிகளில் புகலிடத்தைக் குறிக்கும் சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. கைப்பற்றலாகாதது என்பது அதன் பொருள். அகதியைக் குறிக்கும் சொல்லோ பிரெஞ்சிலிருந்து வந்தது. 1685இல் நாந்து அரசாணை நீக்கப்பட்டபின் பிரான்சை விட்டு வெளியேறிய சீர்திருத்தக் கிறித்தவர்களால் அது பரவியது.

சட்டமும் ஏறத்தாழ இவ்வழியே நடந்தது. 1951 ஜூலை 28ஆம் நாள் ஜெனீவாவில் நிறைவேறிய அகதிகள் உடன்படிக்கை, அகதி யார் என்று வரையறுத்தது. இனம், சமயம், தேசியம், குறித்த ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய காரணங்களால் துன்புறுத்தப்படுவோம் என்னும் தக்க அச்சத்தோடு தம் நாட்டுக்கு வெளியே இருப்பவர் அகதி. 1951க்கு முந்திய நிகழ்வுகளுக்கே அது பொருந்தும் என்றிருந்த எல்லையை 1967ஆம் ஆண்டு நெறிமுறை அகற்றியது. இவ்வரையறைக்குள் வருபவர் அப்பொழுதே அகதிதான். அதிகாரி தரும் சான்று அவரை அகதியாக ஆக்குவதில்லை, அகதி என்று அறிந்துகொள்கிறது, அவ்வளவே. புகலிடம் அத்தகையதன்று. அது ஓர் அரசு தருவது. 1948ஆம் ஆண்டு உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 14ஆம் கூறு, புகலிடம் நாடவும் துய்க்கவும் எவருக்கும் உரிமை உண்டு என்கிறது. தந்தே ஆகவேண்டும் என்று எந்த அரசையும் அது கட்டவில்லை. அந்த இடைவெளியில்தான் இலட்சக்கணக்கானோர் வாழ்கின்றனர்.

அமெரிக்கச் சட்டத்தில் வேறுபாடு இடத்தைப் பொறுத்தது. 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இரண்டுக்கும் வரையறை ஒன்றே. ஈப்போவில் காத்திருக்கும் மியன்மார்க்காரர் ஒருவர் இங்கிருந்தே தெரிவு செய்யப்பட்டு அந்நாட்டுக்கு அனுப்பப்பட்டால், அவர் அகதியாக நுழைகிறார். அவரே எவ்வாறேனும் அங்குச் சென்றடைந்து, விமான நிலையத்திலோ உள்நாட்டிலோ விண்ணப்பித்தால், புகலிடம் கோருபவர். அச்சம் ஒன்று, ஆளும் ஒருவர். நின்ற இடம் வேறு.

இனி நம் நாடு. மலேசியா 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் சேரவில்லை. ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையம் 1975 முதல் இங்கு இயங்குகிறது. வியட்நாமியர் படகுகளில் வந்த காலம் அது. இன்று அவ்வாணையம் ஒருவரை ஆராய்ந்து அகதி என ஏற்று அட்டை வழங்கலாம். ஆனால் 1959/63ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டத்தில் அகதி என்ற வகுப்பே இல்லை. உரிய அனுமதியின்றி நுழைந்தவருக்கு அதன் 6ஆம் பிரிவு தண்டம், சிறை, பிரம்படி மூன்றையும் வைத்திருக்கிறது. மோரோ மக்களுக்கும் பின்னர் ஆச்சே மக்களுக்கும் தற்காலிக அனுமதி வழங்கப்பட்டது உண்மை. அது நிருவாகத்தின் இரக்கம். உரிமை என்று அதனைச் சொல்வதற்கில்லை. ஆக, இங்கே அகதி உண்டு, புகலிடம் இல்லை.

தமிழ்நாட்டில் நிலை இதற்கு நேர் எதிர். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் கடல் கடந்து வந்த ஈழத்தமிழருக்கு மண்டபம் முதலிய முகாம்களில் இடமும் உதவித்தொகையும் கிடைத்தன. புகலிடம் உண்டு. ஆனால் இந்தியாவும் உடன்படிக்கையில் சேராத நாடு. 2025 வரை நடப்பிலிருந்த 1946ஆம் ஆண்டு அயல்நாட்டார் சட்டத்தின் கண்களில் அவர்கள் வெறும் அயலாராகவே இருந்தனர். 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தமும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 2021இல் தமிழ்நாட்டரசு அகதிகள் முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என மாற்றியது. நல்ல மாற்றமே. மாறியது பெயர், தகுதி மாறவில்லை என்பதையும் உடன் சொல்லவேண்டும்.

நம் தோட்டப்புறங்களில் இவ்விரண்டிலும் அடங்காத ஒரு கூட்டம் உண்டு. நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த குடியேற்றக் கிடங்குகள் வழியாக அழைத்து வரப்பட்டோர் எவரும் அகதியல்லர், தொழிலாளர். அவ்வழி 1938இல் அடைபட்டது. விடுதலைக்குப் பின் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கத் தவறியோர் பலர். 1969ஐ ஒட்டி வேலை அனுமதி கட்டாயமானபோது சுமார் 60,000 பேர் இந்தியா சென்றனர் என்பர். எஞ்சியோருள் ஒரு பகுதியினர் சிவப்பு அட்டையோடு முதுமை எய்தினர். பிறப்புப் பத்திரமின்றிப் பால்மரக்காட்டில் பிறந்த பிள்ளைகளுக்குச் சிலவேளை அதுவும் இல்லை. சுங்கை சிப்புட்டிலும் சுங்கையிலும் வழக்குச் சொற்களைத் திரட்டச் சென்றபோது, முதியோர் சிலர் தம்மையே அகதி என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். பழைய பொருளில் அது சரி, போக்கற்றவர்தாம். சட்டப் பொருளில் அவர்கள் எல்லை தாண்டியவர்கள் அல்லர், நாடற்றோர். 1954ஆம் ஆண்டு நாடற்றோர் உடன்படிக்கை அவர்களைப் பற்றியது. அதிலும் மலேசியா சேரவில்லை. அவர்கள் தட்டவேண்டிய கதவு ஐ.நா. ஆணையத்தினுடையது அன்று, தேசியப் பதிவுத் துறையினுடையது. தம்மை அகதி என்று எழுதிய ஒரு மனு தவறான மேசைக்குப் போய்ச் சேரும்.

ஆகவே வகுப்பறையில் அகதித் தகுதி, புகலிட உரிமை, புகலிடம் கோருவோர், நாடற்றோர் என்னும் நான்கையும் தனித்தனியே வழங்குமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம். கள்ளக்குடியேறி என்பதைப் பாடக்குறிப்பில் எழுதவேண்டா. அனுமதியின்றி நுழைந்தவர் என்றாலே போதும். அவர் அகதியா இல்லையா என்ற வினா அதற்குப் பிறகும் திறந்தே இருக்கிறது.