கடலடிக் கம்பியில் வந்த குரல்

பேராக் தோட்டங்களில் வேரூன்றிய நம் குடும்பங்களுக்கு ஊர்ச் செய்தி எப்படி வந்தது? கடிதம் 'ரஜுலா' போன்ற கப்பல்களில் வந்தது. அவசரமென்றால் தந்தி. தந்தி என்றதும் பிரித்துப் படிக்கும் முன்பே லயத்தில் அழுகை தொடங்கிவிடும்.

1871ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர்வரை கடலடித் தந்திக் கம்பி எட்டிவிட்டது. 1876இல் கோலகங்சாரையும் தைப்பிங்கையும் தந்திக் கம்பி இணைத்தது. ஆனால் அவற்றில் சென்றவை வெறும் குறிகளே. சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே கடலடிக் கம்பியில் குரல் வர நூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. ஏன்?

கம்பியில் செல்லும் மின்னலை போகப் போக மெலியும். மெலிந்த தந்திக் குறியை நுட்பமான கருவி படித்துவிடும். பேச்சுக்கு வேண்டிய வேகமான அலைகளோ இன்னும் விரைவில் தேய்ந்துபோகும். அப்படியானால், புறப்படும் இடத்திலேயே பல மடங்கு வலுவூட்டி அனுப்பினால் என்ன? திருவிழா ஒலிபெருக்கியை அளவுக்கு மீறித் திருகினால் என்ன ஆகிறது? பாட்டு கரகரத்துச் சிதைகிறது. ஒரே கம்பியில் பலருடைய பேச்சு செல்லும்போது, அந்தச் சிதைவு அடுத்தவர் பேச்சிலும் புகுந்துவிடும்.

ஆகவே பொறியாளர்கள் வேறு வழி கண்டனர். பெரிய தோட்டத்தில் ஒருவர் கூப்பிட, நடுவில் நிற்பவர் அதைக் கேட்டு அடுத்தவருக்குச் சொல்வாரல்லவா? அதுபோலக் கம்பியின் இடையிடையே பெருக்கிப் பெட்டிகளை வைத்தனர். 1956இல் அட்லாண்டிக் கடலைக் கடந்த முதல் கடலடித் தொலைபேசிக் கம்பி இணைப்பில், போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி. 1961இல் பிரிட்டனையும் கனடாவையும் இணைத்தபோது ஒரே கம்பி போதுமானதாயிற்று. தாழ்ந்த அதிர்வெண்கள் ஒரு திசைக்கு. உயர்ந்தவை மறு திசைக்கு. பெட்டிக்குள் இருந்த வடிகட்டிகள் இரண்டையும் பிரித்தன. பெட்டிகளுக்கான மின்சாரமும் கரையிலிருந்து அதே கம்பியில் சென்றது. பழுதானால் கப்பல் கொண்டுதான் தூக்க வேண்டும். எனவே பல்லாண்டு உழைக்கும் உறுப்புகளையே தேர்ந்தெடுத்தனர்.

1980களின் தொடக்கத்தில் சென்னையும் பினாங்கும் இத்தகைய 'ஐயோகாம்' கம்பியால் இணைந்தன. வானொலி அலையிலும் செயற்கைக்கோளிலும் பேச்சு முன்பே சென்றதுண்டு. எனினும் கப்பலேறி வந்த தலைமுறையில் பலர், ஊரில் விட்டுவந்த உடன்பிறப்பின் குரலை மீண்டும் கேளாமலே கண்மூடிவிட்டனர்.

இன்று கடலடியில் ஒளியிழைக் கம்பிகள் கிடக்கின்றன. அவற்றில் ஒளியே பேச்சைச் சுமக்கிறது. அதற்கும் வழிநெடுகப் பெருக்கிகள் வேண்டும். பினாங்கிலிருந்து சென்னைக்குப் பேசும் பேத்தியின் குரலை இன்றும் இடையிடையே ஏந்தி, அளவாக வலுவூட்டித்தான் அனுப்புகிறார்கள்.