ஐந்தொகையும் அனலிஸ்ட்டும்

போன மாசம் அனலிஸ்ட் மீட்டிங்குக்கு ஸ்லைடு போடுற வேலை என் தலையில விழுந்துச்சு. 1979-ல் தொடங்கின கார்ட்னர் மாதிரி நிறுவனங்களோட மதிப்பீட்டைப் பார்த்துட்டுத்தான் பெரிய கம்பெனிகள் சாஃப்ட்வேர் வாங்குறாங்க. அதனால அவங்ககிட்ட நல்ல பேர் வாங்க எல்லாருக்கும் ஆசை. "அந்த ரெண்டு பக் பத்தி மூச்சு விடாதே"ன்னார் மேனேஜர்.

வாரக்கடைசியில ஊருக்கு வந்தேன். நாட்டரசன்கோட்டையில பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளைப் பார்த்ததும் பர்மா ஞாபகம் வந்துச்சு.

அன்னிக்கு நகரத்தாரை எடைபோட்ட அனலிஸ்ட், 1929-30-ல் அமைந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு. செட்டியார்கள் நேரில் போய்ச் சாட்சியம் சொன்னார்கள். சுமார் 1,650 கடைகள், 75 கோடி ரூபாய் முதல் என்று குழு கணக்கிட்டது. நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுப்பதில் இவர்கள்தான் முக்கியம் என்றும் ஒப்புக்கொண்டது. நல்ல ரிப்போர்ட்தான்!

ஆனா அதே சமயம் உலகப் பெருமந்தம். நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, அடமான நிலம் கைமாறியது. முக்கிய நெல் மாவட்டங்கள் 13-ல் செட்டியார்கள் வசம் 1930-ல் 6 சதவீத நிலம். 1938-ல் 25 சதவீதம். நிலத்தை இழந்த விவசாயி ரிப்போர்ட்டையா படிப்பான்? 1942-ல் ஜப்பான் படை வந்ததும் பலர் ஓடிவந்தார்கள். 1948-ல் நில தேசியமயச் சட்டமும் வந்தது.

ஐந்தொகை சரியா இருந்தாப் போதாது, எதிராளி மனசும் கணக்குல வரணும். அனலிஸ்ட்டும் நம்ம கஸ்டமருக்குப் போன் போட்டு விசாரிக்கிறவர்தானே?

திங்கட்கிழமை ரெண்டு பக்கையும், சரிபண்ணித் தர்ற தேதியையும் முதல் ஸ்லைடுலயே போட்டேன். மேனேஜர் இன்னும் முறைச்சுக்கிட்டுத்தான் இருக்கார் :)