படங்களுக்குப் பெயரிட்ட மக்கள்

நூலகங்களின் வரலாறு பெரும்பாலும் நூல்களைக் காத்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. வாசகரின் அறிவு அதிற் கணக்கெடுக்கப்பட்டது அரிது. 2008 ஜனவரியில் வாஷிங்டன் நகரக் காங்கிரஸ் நூலகம் மேற்கொண்ட பரிசோதனை இவ்வழக்கத்தை மாற்றியது.

'பிளிக்கர்' என்னும் சமூக வலைத்தளத்தில் அந்நூலகம் 3,000க்கு மேற்பட்ட பழைய புகைப்படங்களை வெளியிட்டது. ஒரு பகுதி 1910களின் செய்திப் படங்கள். மற்றது, உழவரையும் ஆலைத் தொழிலாளரையும் காட்டும் 1930, 40களின் வண்ணப் படங்கள். பலவற்றில் இருப்பவர் யார், இடம் எது என்பது நூலகத்தாருக்கே தெரியாது. பொதுமக்கள் பழைய பத்திரிகைகளைத் துருவி ஆதாரம் தந்தனர். நூலகத்தார் அவற்றைச் சரிபார்த்து, அவ்வாண்டு ஒக்டோபருக்குள் 500க்கு மேற்பட்ட பதிவுகளைத் திருத்தினர். பெயரற்றுக் கிடந்தோர் பலர் வரலாற்றில் இடம்பெற்றனர்.

ஆயினும் அத்தளம் பொதுச்சொத்தன்று. 2005இல் யாகூ அதனை வாங்கியது. 2018இல் அது ஸ்மக்மக் நிறுவனத்தின் கைக்கு மாறியது. அவ்வாண்டே இலவசக் கணக்குகளுக்கு 1,000 படங்களே என்ற வரம்பு அறிவிக்கப்பட்டது. நூலகங்களின் பொதுத்தொகுப்புக்கு விலக்குக் கிடைத்தது. அதை அளித்தவரோ தனியுடைமையாளர்.

காங்கிரஸ் நூலகம் மூலப் படங்களையும் திருத்திய பதிவுகளையும் தன்னிடமே வைத்திருந்தது. ஏனைய நூலகங்களுக்கும் வழி இதுவே. மக்களைச் சந்திக்கும் முற்றமாகச் சமூக வலைத்தளம் விளங்கட்டும். மக்களின் நினைவைக் காக்கும் பெட்டகம் பொதுவுடைமையாகவே இருத்தல் வேண்டும்.