இரட்டைக் கண்ணாடிச் சாளரம் பிறந்த கதை



எளிதிற் கடத்தி, அரிதிற் கடத்தி என்னும் பாடத்தில் மரம், நெகிழி, துணி ஆகியவற்றையே நாம் எடுத்துக்காட்டாகக் கூறுகிறோம், காற்றை மறந்துவிடுகிறோம். அடைபட்டு அசையாதிருக்கும் காற்று மிகச் சிறந்த அரிதிற் கடத்தியாகும். குளிர்நாட்டார் இதனை அனுபவத்தால் அறிந்திருந்தனர். குளிர்காலத்தில் சாளரத்திற்கு மேல் இன்னொரு சாளரம் பொருத்துவது ஐரோப்பாவில் நெடுநாளைய வழக்கம். உருசியாவில் இரண்டுக்கும் இடையே பஞ்சு வைப்பதும் உண்டு.

இரு கண்ணாடிகளைச் சிறு இடைவெளிவிட்டு, விளிம்பை அடைத்து, ஒரே பொருளாக்கும் எண்ணத்திற்கு நியூயார்க்கைச் சேர்ந்த தாமஸ் ஸ்டெட்சன் 1865 ஆகஸ்டு 1ஆம் நாள் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதன் எண் 49,167.

அப்படியிருந்தும் அது பரவலாக விற்பனைக்கு வர ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு ஆனது. ஏன்? இடர்ப்பாடு கண்ணாடியில் இல்லை, விளிம்பில் இருந்தது. வெளிக்கண்ணாடி குளிரில் சுருங்கும். உட்கண்ணாடி அறையின் வெப்பத்தில் விரியும். அடைபட்ட காற்றும் பகலில் விரிந்து இரவில் சுருங்கும். இவ்வாறு நாள்தோறும் இழுபட்டால் எந்தப் பூச்சும் ஒரு நாள் விரிசல் காணும். ஈரக்காற்று உள்ளே நுழைந்து நீர்த்துளியாகப் படியும். உட்புறத்தைத் துடைக்கவும் இயலாது. வெளியே பார்க்க முடியாத சாளரம் எதற்கு?

1930களில் சி. டி. ஹேவன் என்பவர் கண்ணாடி விளிம்போடு உலோகத்தைப் பிணைக்கும் முறையைக் கண்டார். ஒகாயோ மாநிலத்தின் டொலீடோ நகரில் இயங்கிய லிபி-ஓவன்ஸ்-ஃபோர்டு நிறுவனம் அதனைத் 'தெர்மோபேன்' என்னும் பெயரில் விற்றது. என் பார்வையில், இவ்வரலாற்றின் உண்மையான திருப்புமுனை இதுவே. பின்னாளில் உலோகப் பிணைப்பின் இடத்தை ரப்பர் போன்ற பசைகள் பிடித்தன. ஈரம் உறிஞ்சும் மணிகள் இடைச்சட்டத்தினுள் நிரப்பப்பட்டன.

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் இதற்குத் தேவை பெருகியது. காற்றுக்குப் பதில் ஆர்கன் வாயுவும், வெப்பக் கதிரைத் திருப்பியனுப்பும் மெல்லிய உலோகப் படலமும் வந்து சேர்ந்தன. குளிரூட்டி இயங்கும் நம் நாட்டுக் கட்டடங்களில் வெப்பம் எதிர்த்திசையில், வெளியிலிருந்து உள்ளே பாய்கிறது. வெயில் சுடும் இங்கு அப்படலமே முதன்மையான காவல்.

"இடைவெளியை இன்னும் அகலமாக்கினால் என்ன?" என்று மாணவர் வினவக்கூடும். ஏறத்தாழ 16 மில்லிமீட்டருக்கு மேற்போனால் உள்ளிருக்கும் காற்றே சுழன்று வெப்பத்தைச் சுமக்கத் தொடங்கிவிடும்.