அறிக்கை வரும்வரை: புற்றுநோய் திரும்பிவிடுமோ என்ற அச்சத்தோடு சில நாட்கள்

இதை எழுதும் இன்று, நான் சீ.ரீ. ஸ்கான் எடுத்து ஒன்பதாவது நாள். அறிக்கை வர இரண்டு கிழமை ஆகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மாட்டுக்குத் தண்ணி வைக்கிறேன், சமைக்கிறேன், சங்கக் கூட்டத்துக்குப் போய் வருகிறேன். ஆனால் தொலைபேசி அடிக்கும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு ஒருகணம் நின்றுதான் அடிக்கிறது.

2019 இல் எனக்கு மார்பகப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். சத்திரசிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, குளிசையோடு வாழ்க்கை ஓடியது. இந்த வருடம் இடுப்புக்கு மேலே ஒரு நோ தொடங்கி மூன்று கிழமையாகியும் போகவில்லை. எக்ஸ்றே எடுத்தார்கள். அதில் இரண்டு விடயங்கள் தெரிந்தன. ஒன்று எனக்குத் தெரிந்ததுதான்: 2009 ஏப்ரலில் மாத்தளனில் முதுகில் ஏறிய செல் துண்டு. மற்றது, அதற்குப் பக்கத்தில் இருந்த ஒரு நிழல். நோகிறது பழைய பீஸா, திரும்பி வந்த நோயா என்பதைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

என்னைப் போலக் காத்திருப்பவர்கள் எங்கள் ஊர்களில் பலர். இந்த நாட்களில் கேட்டும் வாசித்தும் அனுபவித்தும் அறிந்தவற்றை அவர்களுக்காக எழுதுகிறேன்.

இந்தப் பயம் என்ன?

சிகிச்சை முடிந்தவர்களிடம் மிகப் பொதுவாகக் காணப்படுவது நோய் திரும்பி வருமோ என்ற அச்சம். அது கோழைத்தனமும் அல்ல, விசரும் அல்ல. கிளினிக் திகதி நெருங்கும்போதும், ஸ்கான் எடுக்கும்போதும், கூடச் சிகிச்சை பெற்ற ஒருவர் இறந்த செய்தி கேட்கும்போதும் அது கூடும். இளவயதில் நோய் வந்தவர்களிடம் அதிகமாக இருக்கும். ஸ்கானைச் சுற்றி வரும் பதகளிப்புக்கு ஆங்கிலத்தில் 'ஸ்கான்சைட்டி' என்றே ஒரு சொல் உண்டு. புற்றுநோயிலிருந்து மீண்ட அமெரிக்க எழுத்தாளர் புரூஸ் ஃபைலர் 2011 இல் அதைப் பற்றி எழுதிய பிறகு அந்தச் சொல் பரவியது.

தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: பயத்தின் அளவு நோயின் அளவைக் காட்டாது. நோய் திரும்பும் வாய்ப்புக் குறைந்தவர்கள் நித்திரையில்லாமல் தவிப்பதும் உண்டு. 'மனம் இவ்வளவு பதறுகிறதே, ஏதோ இருக்கத்தான் செய்கிறது' என்று நான் எண்ணியதுண்டு. மனம் பதறுவது ஒரு பரிசோதனை முடிவு அல்ல.

எங்கள் பயத்துக்கு வயது அதிகம்

2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு, எங்கள் பக்கத்து வீட்டு அன்ரி மார்பில் கட்டியோடு மகரகமவுக்குப் போக முடியாமலே கண்மூடினார். அதனால் 'புற்றுநோய்' என்ற சொல் எனக்கு நீண்டகாலம் சாவின் மறுபெயராகவே இருந்தது. 2013 இல் தெல்லிப்பழையில் புதிய புற்றுநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டது. அதற்கான பணம், 2011 இல் தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்த நடைபவனியில் சேர்ந்தது. இன்று நிலைமை வேறு. ஆனால் பழைய சாவுகளின் நினைவு இலகுவில் போவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பதுங்குகுழிக்குள் இருந்த நாட்களில், அடுத்த செல் எங்கே விழும் என்று காதைத் தீட்டி வைத்திருப்பதுதான் உயிர் தப்பும் வழியாக இருந்தது. உடம்பு அந்தப் பழக்கத்தை விடவில்லை. இப்போது அதே காது என் முதுகுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காகக் காத்திருக்கும் தாய்மாருக்கு இந்த நிலையை விளக்கத் தேவையில்லை. முடிவு தெரியாமல் இருப்பது எப்படிப்பட்ட களைப்பு என்று அவர்களுக்குத் தெரியும்.

உடம்பில் செல் துண்டு உள்ளவர்கள்

எம்.ஆர்.ஐ. இயந்திரம் வலிமையான காந்தத்தால் வேலை செய்வது. உடம்பிலுள்ள இரும்புத் துண்டு அதற்குள் அசையவோ சூடாகவோ கூடும். கண், முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் இவற்றுக்கு அருகில் இருந்தால் ஆபத்து அதிகம். எனவே ஸ்கானுக்கு எழுதும்போதே வைத்தியரிடமும், அன்றைக்கு இயந்திரத்தடியில் நிற்பவரிடமும் சொல்லுங்கள். சின்னத் துண்டு, பழைய காயம் என்று விடாதீர்கள். எப்படிக் காயம் வந்தது என்று சொல்ல விருப்பமில்லை என்றால், "உடம்பில் இரும்புத்துண்டு இருக்கிறது" என்ற ஒரு வசனம் போதும். எக்ஸ்றே எடுத்துப் பார்த்து, எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா, வேறு பரிசோதனை செய்வதா என்று அவர்கள் தீர்மானிப்பார்கள். சீ.ரீ. ஸ்கானில் காந்தம் இல்லை, அதனால் அந்த ஆபத்தும் இல்லை. ஆனால் உலோகத்தைச் சுற்றிப் படம் கோடுகோடாகத் தெரியலாம் என்பதால், அங்கேயும் முற்கூட்டிச் சொல்வது நல்லது.

எம்.ஆர்.ஐ. இயந்திரம் ஒடுக்கமானது, உள்ளே இருக்கும்போது பலத்த சத்தமாக அடிக்கும். பதுங்குகுழியும் செல்லடியும் நினைவுக்கு வரக்கூடியவர்கள் அதையும் முன்பே சொல்லலாம். காதுக்கு அடைப்பான் தருவார்கள். தேவையானபோது அமர்த்துவதற்குக் கையில் ஓர் அழைப்பு மணியும் தருவார்கள்.

காத்திருக்கும் நாட்களில்

முதலில், தெரிந்துகொள்ளக்கூடியதைத் தெரிந்துகொள்ளுங்கள். அறிக்கை எப்போது வரும், யார் சொல்வார்கள், நேரில் போக வேண்டுமா, வராவிட்டால் எங்கே கேட்பது? இவற்றைக் கேட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதி வைத்தால், தினமும் ஊகிக்கும் வேலை கொஞ்சம் குறையும்.

அறிக்கை கைக்கு வந்தால் தனியாக இருந்து வாசித்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். 'லீஷன்' என்றால் வழமைக்கு மாறான ஓர் இடம் என்றுதான் பொருள், புற்றுநோய் என்றல்ல. 'டீஜெனரேட்டிவ்' என்பது பெரும்பாலும் வயதோடு வரும் தேய்மானம். 'இன்டிற்றர்மினேற்' என்றால் இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை என்பது. முந்தைய படங்களோடு ஒப்பிட்டு வைத்தியர் சொல்வதுதான் முடிவு. அதனால் பழைய படங்களையும் அறிக்கைகளையும் கொண்டு போங்கள்.

கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்குவது எனக்கு உதவிய ஒரு வழி. பின்னேரம் ஐந்து மணிக்கு இருபது நிமிடம் கிணற்றடியில் இருந்து, பயப்படுவதையெல்லாம் எழுதுவேன். மற்ற நேரத்தில் அந்த எண்ணம் வந்தால் 'ஐந்து மணிக்குப் பார்ப்பம்' என்று தள்ளிவைப்பேன். முதல் இரண்டு நாள் சரிவரவில்லை. மூன்றாம் நாள் ஓரளவு வந்தது. படுக்கப்போகும் நேரத்தில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

கவனத்தைப் பழக்குவது இன்னொன்று. சேவல், மோட்டர் சைக்கிள், கோயில் மணி என்று கேட்கும் சத்தங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்பது, பிறகு ஒன்றிலிருந்து மற்றதற்குக் கவனத்தை மாற்றுவது. அவுஸ்திரேலியாவில் பேராசிரியர் ஃபிலிஸ் பட்டோவும் குழுவினரும் இந்த அச்சத்துக்கென்று உருவாக்கி, 2017 இல் ஆய்வு முடிவை வெளியிட்ட சிகிச்சைமுறையில் இத்தகைய பயிற்சியும் ஒரு பகுதி. நினைப்பே வராமல் தடுப்பது அதன் நோக்கமல்ல. வந்த நினைப்போடு மல்லுக்கட்டாமல் விடப் பழகுவதுதான்.

மூச்சை மெதுவாக உள்ளே எடுத்து, அதைவிட நீளமாக வெளியே விடுவது உடம்பின் விறைப்பைக் குறைக்கும். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், எங்கள் மக்களுக்குப் பழக்கமான தளர்வு முறைகளையே சிகிச்சையில் பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்கிறார். சைவர்களுக்கு மந்திர உரு, கிறிஸ்தவர்களுக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர். எது உங்களுக்குப் பழக்கமோ அது.

உடம்பைத் தடவித் தடவிப் பார்ப்பது பயத்தைக் கூட்டும். பயத்தில் பார்க்காமலே விடுவதும் பிழை. மாதத்தில் ஒருமுறை போதும். குளிசையை மட்டும் எந்தப் பயத்திலும் நிற்பாட்ட வேண்டாம்.

எதற்கு உடனே போக வேண்டும்?

புதிய கட்டி, இரண்டு கிழமைக்கு மேல் நீடிக்கும் நோ அல்லது இருமல், காரணமில்லாமல் உடம்பு இளைப்பது என்றால் அடுத்த கிளினிக் வரை பார்த்திருக்க வேண்டாம். முதுகு நோவோடு கால் பலவீனமோ விறைப்போ வந்தாலும், சலம், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போனாலும், மூச்சு முட்டினாலும் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

நித்திரை பல நாள் இல்லை, பயத்தில் கிளினிக்கே போக மனமில்லை, வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வருகிறது என்றால் அதற்கும் சிகிச்சை உண்டு. மாவட்ட வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. 1926 என்பது தேசிய உளநல உதவி இலக்கம்.

வீட்டில் சொல்வதா?

என் கணவர் 2009 இல் போய்விட்டார். மகள் மட்டக்களப்பில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். சோதனை நேரம். அதனால் ஸ்கான் விடயத்தை மறைத்தேன். ஆறாம் நாள் தொலைபேசியில் என் குரலைக் கேட்டே கண்டுபிடித்துவிட்டாள்.

"அம்மா, நீங்கள் சொல்லாட்டில் எனக்குப் பயமில்லை எண்டு நினைச்சனீங்களே? நான் ஒவ்வொரு நாளும் உங்கட குரலைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

ஒளிப்பதால் அவளுடைய பயம் குறையவில்லை, தனியாகப் பயந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் விளங்கியது. எல்லாவற்றையும் சொன்னேன். "ஒண்டும் இராது" என்று அவள் சொல்லவில்லை. அதற்காக அவளுக்கு நன்றி. பக்கத்தில் இருப்பவர்களிடம் நான் கேட்பதும் அதுதான். "யோசிக்காதேங்கோ" என்பதைவிட, "கிளினிக்குக்கு நானும் வாறன்" என்பது பெரிய உதவி.

அறிக்கை எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. நல்லதென்றால் அடுத்த கிளினிக்கில் இதே பயம் திரும்பவும் வரும். வேறுமாதிரி என்றால் அதற்கான சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டும். இரண்டுக்குமான கேள்விகளைக் கொப்பியில் எழுதிவிட்டேன். மகளின் கடைசிச் சோதனை வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வந்துவிடுவாள். அறிக்கையை எடுக்க இருவருமாகப் போவோம்.