மோட்டலில் ஒரு ராத்திரி - பயணி கேட்டது என்ன?

மோட்டல்னா நம்மூர்ல ராத்திரி பஸ் நிக்கிற சாப்பாட்டுக் கடை :) நான் சொல்லப்போறது அமெரிக்க மோட்டல், அதாவது கார்ல வர்றவங்க தங்கிட்டுப் போற இடம்.

1925-ல கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் ஆர்தர் ஹைன்மன் என்ற கட்டடக்கலைஞர் 'மைல்ஸ்டோன் மோ-டெல்' திறந்தார். லாஸ் ஏஞ்சலிஸுக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் நடுவழி. மோட்டாரையும் ஹோட்டலையும் ஒட்டவச்ச பேர் அது. காரை அறைக்குப் பக்கத்துலயே நிறுத்தலாம். புழுதிச் சட்டையோட பெரிய ஹோட்டல் வாசல்ல கூசி நிக்க வேண்டாம். முதல் எதிர்பார்ப்பு அவ்வளவுதான்.

அடுத்து 1951. மெம்ஃபிஸ்ல வீடு கட்டி வித்துக்கிட்டிருந்த கெம்மன்ஸ் வில்சன், மனைவி, அஞ்சு பிள்ளைங்களோட வாஷிங்டனுக்கு கார்ல போனார். வழியில மோட்டல்கள்ல பிள்ளைக்கு 2 டாலர்னு கூடுதலா கேட்டாங்க. கடுப்பான மனுஷன் 1952-லயே மெம்ஃபிஸ்ல முதல் 'ஹாலிடே இன்'னைத் திறந்துட்டார்! பெற்றோரோட தங்கற பிள்ளைங்களுக்குக் காசு இல்ல. ஏசி, டெலிபோன், நீச்சல்குளம் உண்டு. கிளைகள் பெருகினப்போ எந்த ஊர்லயும் ஒரே தரம். களைச்சு வர்றவனுக்கு அறை எப்படி இருக்குமோங்கற கவலை இல்ல.

ஆனா இது பாதிக் கதைதான். அதே ரோட்டுல கருப்பினக் குடும்பங்களும் போனாங்க. அவங்க கேள்வி ஒண்ணுதான்: 'உள்ளே விடுவாங்களா?' அறை காலியா இருந்தாலும் பல இடங்கள்ல கதவு திறக்காது. பிள்ளைங்க பின்சீட்டுல தூங்க, விடிய விடிய வண்டி ஓட்டணும். ஹார்லெம் தபால் ஊழியர் விக்டர் ஹியூகோ கிரீன், எங்கெங்கே நம்பித் தங்கலாம்னு பட்டியல் போட்டு 1936-லிருந்து 'கிரீன் புக்' வெளியிட்டார். இந்தப் புத்தகமே தேவைப்படாத நாள் வரும்னு அதுல எழுதியும் இருந்தது. அதைப் பார்க்காமலே 1960-ல இறந்துபோனார்.

1964 ஜூலை 2-ல குடிமை உரிமைகள் சட்டம் கையெழுத்தாச்சு. 216 அறைகள் கொண்ட 'ஹார்ட் ஆஃப் அட்லாண்டா' மோட்டலின் முதலாளி உடனே கோர்ட்டுக்குப் போனார். யாருக்கு அறை தரணும்னு முடிவு பண்றது என் உரிமைன்னு வாதம். அங்கே தங்கினவங்கள்ல முக்கால்வாசிப் பேர் வெளிமாநிலத்தார். ஆகவே இது மாநிலங்களுக்கு இடையிலான வணிகம், சட்டம் செல்லும்னு டிசம்பர் 14-ல உச்சநீதிமன்றம் ஒருமனதா சொல்லிடுச்சு.

பயணி என்ன எதிர்பார்க்கிறான்னு கேட்டா சுத்தமான படுக்கை, வெந்நீர்னு அடுக்குவோம். அந்தப் பட்டியலுக்கெல்லாம் முன்னாடி ஒண்ணு இருக்கு. கதவைத் தட்டினா திறக்கணும். அது சுலபமா கிடைச்சவங்களுக்குத்தான் நீச்சல்குளம் பத்தி யோசிக்க நேரம் இருந்திருக்கு, இல்லையா?