பூதவாதிக்குக் கிடைக்காத மறுமொழி

நாத்திகன் என்றால் கடவுள் இல்லை என்பவன். இன்றைய வழக்கு இது. பழந்தமிழ் நூல்களுக்குள் இப்பொருளைக் கொண்டு நுழைவோர் விரைவில் திகைத்து நிற்பர். மணிமேகலையின் 27ஆம் காதையான 'சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதை'யே அதற்குப் போதுமான சான்று.

வஞ்சி மாநகரில் மாதவன் வடிவம் கொண்டு மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி ஆகியோர் தத்தம் இறைவனைப் பற்றி உரைக்கின்றனர். உலகைப் படைத்த கடவுள் ஒருவனைப் பௌத்தம் ஏற்பதில்லை. ஆயினும் அவர்களோடு அவள் வாதிடவில்லை, கேட்டுக்கொண்டு கடந்துவிடுகிறாள். இறுதியில் வருகிறான் பூதவாதி. தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடிய கலவையில் கள்ளின் களிப்புத் தோன்றுவது போலப் பூதங்களின் கூட்டத்தில் உணர்வு தோன்றுகிறது. அவை பிரிந்தால் பறையின் ஓசை போல அது அழிந்துவிடும். காட்சி ஒன்றே அளவை. மறுமை என்பது பொய் என்கிறான். மணிமேகலை நகைப்பது இவனிடத்தில்தான். முற்பிறப்பை அறிந்தோர் உண்டே என்கிறாள். தெய்வ மயக்காலோ கனவாலோ மனம் திரிந்தோர்க்கு அப்படித் தோன்றலாம் என்பது அவன் விடை. (காட்சிக்கு அப்பால் எதையும் ஏற்காதவன் வாயில் 'தெய்வ மயக்கு' எப்படி வந்தது என்பது என் நெடுநாள் ஐயம். சாத்தனார் சற்றே கண்ணயர்ந்தாரோ!) உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி வேறு எவ்வகையில் அறிவாய் என்று அவள் மடக்குகிறாள். காதை அத்தோடு முடிகிறது.

ஆக, கடவுள் உண்டு என்றவர்களை விட்டுவிட்டு, மறுமை இல்லை என்றவனையே பௌத்தக் காப்பியம் எதிர்க்கிறது. சமணக் காப்பியமான நீலகேசியின் நிலையும் இதுவே. படைப்புக் கடவுளை மறுக்கும் சமயத்தின் நூலாகிய அதுவும் பூதவாதத்தை மறுப்பதற்கென்றே ஒரு சருக்கத்தை ஒதுக்கியுள்ளது. உயிர் தொடரும், வினை பயன் தரும் என்ற நம்பிக்கையே அக்காலத்து அறத்தின் அடிப்படை. கடவுள் இன்றியும் அது நிற்கும். மறுமை இன்றி நில்லாது என்று அவர்கள் அஞ்சினர்.

அந்த அச்சம் தேவையற்றது என்பதற்குப் புறநானூற்றிலேயே சான்று உண்டு. வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன் 214ஆம் பாட்டில் துறக்கமும் மறுபிறப்பும் இல்லாமலே போகலாம் என்பதையும் எண்ணிப் பார்க்கிறான். அப்போதும் பழியற்ற புகழோடு இறப்பது நன்று என்ற முடிவுக்கு வருகிறான். உயிர் விடத் துணிந்தவன் கூற்று என்பதால் அதற்குத் தனி எடை உண்டு.

சொல்லின் பொருள் எங்கே நகர்ந்தது? உலகத்தார் உண்டு என்பதை இல்லை என்பவனைப் பேயாக எண்ணச் சொல்லும் 850ஆம் குறள், எது உண்டு என்பதைக் கூறவில்லை. பரிமேலழகர் உரையோ கடவுள், மறுபிறப்பு, இருவினைப்பயன் என்று பட்டியல் இடுகிறது. அதில் கடவுள் முதலிடம் பெற்றுவிட்டது. பக்தி இயக்கம் கடந்து சென்ற நிலத்தில் எழுதப்பட்ட உரை அது. இன்றைய வழக்கு அந்த வரிசையின் வழித்தோன்றல் என்றே கருதுகிறேன்.

தமிழில் பூதவாதி தன் கையால் எழுதிய நூல் ஒன்றும் நமக்குக் கிட்டவில்லை. எதிரிகள் அவன் வாயில் இட்ட சொற்களே எஞ்சியுள்ளன. எந்த இடத்தில் அவன் வாயடைக்க வேண்டும் என்பதையும் அவர்களே முடிவு செய்தனர். தாய் தந்தையர் பற்றிய அந்த வினாவுக்கு விடை இல்லாமல் இல்லை. புரந்தரர் என்னும் சார்வாகர் உலகியல் செய்திகளில் அனுமானத்தை ஏற்றார். காட்சி எட்டாத மறுமைக்கு மட்டும் அது செல்லாது என்றார். இதைக் குறித்து வைத்தவர் 8ஆம் நூற்றாண்டின் கமலசீலர். அவரும் ஒரு பௌத்தரே. வஞ்சியில் நின்ற பூதவாதிக்குச் சாத்தனார் அந்த மறுமொழியைத் தரவில்லை.